பட்டறை அங்கள் பதில்கள்: விபூதிப் பட்டை போட்ட துப்பாக்கி

போன மாசம் தோட்டத்து வீட்டுப் பழைய சாமான் பத்தி எழுதுறப்போ, போற போக்குல "துரை விட்டுட்டுப் போன ஏர் ரைஃபிள்"னு (காத்து அழுத்தத்துல சுடுற துப்பாக்கி) ஒரே ஒரு வரி எழுதிட்டேன், அவ்வளவுதான், கடுதாசி என்ன வாட்ஸ்அப் என்ன, ராத்திரி பதினொரு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் என்ன, ஒரு மாசமா இதே பேச்சுதான். பாதிப் பேரு வீட்டுல ஒண்ணு கிடக்குது போல. மீதிப் பேருக்கு ஒண்ணு வேணுமாம். சரி, இந்த மாசம் தையல் மெஷின், மண்ணெண்ண ஸ்டவ் கேட்டவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க, இத முடிச்சுட்டு வந்துர்றேன்.

புது வாசகர்களுக்கு ஒரு வார்த்த. நான் பினாங்குல லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில பின்பக்கப் பட்டறையில 19 வருஷம் வேல செஞ்சவன். இப்ப என் கையில துப்பாக்கி எதுவும் கிடையாது. கத மட்டும்தான் இருக்கு.

அங்கள், எங்க தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல கிராணியா (குமாஸ்தாவா) இருந்தவரு. துரை சீமைக்குத் திரும்பிப் போறப்போ ஒரு ஏர் ரைஃபிள தாத்தாகிட்ட குடுத்துட்டுப் போனாராம். தாத்தா தவறி 11 வருஷமாச்சு. இப்ப வீட்ட காலி பண்றப்போ அலமாரி மேல சாக்குல சுத்தி இருந்துச்சு. மூணு துப்பாக்கிய ஒண்ணுமேல ஒண்ணு சாச்சு வச்ச மாதிரி முத்திரை, கட்டைக்கு அடியில மறைஞ்சாப்ல ஒரு லிவர். மாமா, "இது வெறும் காத்து, குருவி சுடுறது, லைசென்ஸ் எதுக்கு"ங்கிறாரு. ரிப்பேர் பண்ணி ஷோகேஸ்ல வைக்கலாமா?
— கிராணி பேத்தி, செந்தூல்

மாமா பேச்ச இந்த ஒரு விஷயத்துல மட்டும் கேக்காதீங்கம்மா. நம்ம மலேசியாவுல 1960ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்துல, ஆயுதம்னா என்னன்னு சொல்ற இடத்துலயே ஏர் கன், ஏர் பிஸ்டல் ரெண்டையும் பேரு சொல்லி எழுதி வச்சிருக்காங்க. அது மட்டுமில்ல, அதோட பாகமும் ஆயுதம்தான். குழல் தனியா, ஸ்பிரிங் தனியான்னு கழட்டி வச்சாலும் அதே கணக்கு. லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா 7 வருஷம் வரைக்கும் ஜெயில், 10,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் கெடைக்கும். தாத்தா பேர்ல லைசென்ஸ் இருந்திருந்தாலும் அது அவரோட போச்சு, பாட்டன் சொத்து பேரனுக்குங்கிற கணக்கு இதுல செல்லாது.

அதுக்காகப் பயந்துபோய் ஆத்துல தூக்கிப் போட்டுராதீங்க, முன்னாடி ஒருத்தர் அப்படித்தான் பண்ணிட்டு, அத ஒரு சின்னப் பையன் எடுத்து, அப்புறம் அது வேற கத. செய்ய வேண்டியது இதுதான்: துப்பாக்கிய தொடாம, எடுத்த இடத்துலயே பூட்டி வைங்க. நீங்க மட்டும், வெறுங்கையோட, ஏரியா பாலாய்க்கு, அதான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்க. தாத்தாவோட இறப்புப் பத்திரம், பழைய லைசென்ஸ் புத்தகம் இருந்தா அது, ரெண்டையும் எடுத்துக்கிட்டு, வீடு காலி பண்றப்போ கெடச்சுதுன்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க. அவங்களே வந்து எடுத்துக்கிறதா, நீங்க எப்படி ஒப்படைக்கிறதுன்னு அவங்க சொல்வாங்க. சாக்குல சுத்தி காடி பூட்டுக்குள்ள (கார் டிக்கியில) வச்சு "குடுக்கத்தான் சார் வந்தேன்"னு போறது புத்திசாலித்தனம் கிடையாது, வழியில ரோட் பிளாக் இருந்தா யாருகிட்ட போய் கத சொல்லுவீங்க.

இப்ப அந்த முத்திரைக்கு வருவோம், கேட்டதே அதுக்குத்தானே. மூணு துப்பாக்கி சாஞ்சு நிக்குறது பி.எஸ்.ஏ. முத்திரை, பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். ஆமா, நம்ம பெருசுங்க ஓட்டுன அந்த பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் கம்பெனியேதான். 1861ல பர்மிங்காம்ல துப்பாக்கி செய்யிறவங்க பல பேரு ஒண்ணா சேந்து ஆரம்பிச்சது, சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பின்னாடி வந்தது. ஏர் ரைஃபிள் 1905லேர்ந்து செஞ்சாங்க, லிங்கன் ஜெஃப்ரீஸ்ங்கிறவரோட டிசைன். நீங்க சொல்ற கட்டைக்குள்ள மறைஞ்ச லிவர வச்சுப் பாத்தா உங்களோடது ஏர்ஸ்போர்ட்டரா இருக்கணும், 1948ல வந்த மாடல். லிவர கீழ இழுத்தா மேல ஒரு சின்ன உருளை தானா திரும்பி வாயத் தொறக்கும், அதுல ஒரு ஈயக் குண்ட போட்டு மூடணும். அந்த உருளை உக்கார்ற துளைய அவ்வளவு நெருக்கமா கடைஞ்சிருப்பான், காத்து கசியாது, பட்டறைக்காரனுக்கு அத கையில எடுத்துத் திருப்பிப் பாத்தாலே ஒரு சந்தோஷம்.

1948னா உங்க ஊருக்கும் அது மறக்க முடியாத வருஷம்மா. ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கம் மூணு தோட்டக்காரத் துரைங்கள கம்யூனிஸ்டுங்க சுட்டதுலதான் எமர்ஜென்சியே, அதான் அந்த அவசரகாலமே, ஆரம்பிச்சது. துரை பங்களாவுல அணிலுக்கும் எலிக்கும் வச்சிருந்த இந்தக் காத்துத் துப்பாக்கிய ஒரு கிராணி கையில நம்பிக் குடுத்துட்டுப் போனாருன்னா, உங்க தாத்தா மேல அவருக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. தாத்தாவும் துரையும் சேந்து நிக்குற போட்டோ இருந்தா தேடி எடுங்க. ஷோகேஸ்ல அத வைங்க.

எங்க வீட்டுக்காரர்கிட்ட லைசென்ஸோட பி.எஸ்.ஏ. மீட்டியார் ஏர் ரைஃபிள் ஒண்ணு இருக்கு. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதையும் கும்புடுவோம். இந்த வருஷம் பூஜ முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு எடுத்துப் பாத்தா குழலுக்குப் பின்னால உருண்டையா இருக்கிற பாகத்துல மூணு கோடு, பழுப்புக் கறை, கூடவே ஒரு வட்டம். புளி போட்டு தேச்சா போயிருமா அங்கள்? பித்தளைக்குப் போகுதே.
— ஜெலுத்தோங் ஜெயம்

படிச்சவுடனே சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கம்மா. அந்த மூணு கோடு உங்க வீட்டுக்காரரோட மூணு விரலு. வட்டம் சந்தனப் பொட்டு. எங்க கடைக்கு நவம்பர் மாசம் பொறந்தா இந்த மாதிரி ரெண்டு மூணு வரும். எங்க தவுக்கே, அதான் முதலாளி, ஹொக்கியன் சீன மனுஷன், அவருக்கே பழகிப் போச்சு, தூரத்துலேர்ந்து பாத்தே "ஹா, தீபாவளிக்கு முன்ன சாமி கும்பிட்டதா"னு கேப்பாரு.

விஷயம் என்னன்னா, இரும்பு மேல இருக்கிற அந்தக் கருநீலம் பெயிண்ட் கிடையாது. அதுவும் ஒரு வகைத் துருதான். இரும்ப ஒரு கணக்கா, பதமா துருப்பிடிக்க வச்சு எடுத்தா கரு நீலமா ஒரு மெல்லிய தோலு கெடைக்கும், அது கெட்டியா ஒட்டிக்கிட்டு அடியில இருக்கிற இரும்ப காப்பாத்தும். நாம பயப்படுற செவப்புத் துரு அதோட பங்காளி, ஆனா பொசபொசன்னு இருக்கும், தண்ணிய குடிச்சு வச்சுக்கிட்டு உள்ள உள்ள தின்னும். நீங்க விபூதியத் தண்ணியில கொழச்சு பூசுறீங்க, சந்தனம் ஈரம், குங்குமத்துல சுண்ணாம்பு, எல்லாம் ராத்திரி பூரா ஈரத்த பிடிச்சு வச்சுக்கிட்டு அந்த இரும்போட ஒட்டிக்கிட்டு நிக்குது, பினாங்கு காத்துல ஈரம் சாதாரண நாள்லயே 80 சதவீதத்த தாண்டும், கடக்கரையிலேர்ந்து உப்பு வேற. துரு பிடிக்காம என்ன செய்யும்.

புளி வேணவே வேணாம்! எலுமிச்சை, வினிகர், துரு எடுக்கிற பாட்டில் மருந்து எதுவும் வேணாம். புளிப்புக்கு நல்ல துரு கெட்ட துருன்னு பங்காளிச் சண்டை தெரியாது, ரெண்டையும் சேத்து வழிச்சு எடுத்துரும், அப்புறம் அந்த எடம் மட்டும் புதுத் தகரம் மாதிரி வெள்ளையா பல்லிளிக்கும். துப்பாக்கி எண்ணெய் நாலு சொட்டு கறை மேல விட்டு ராத்திரி பூரா ஊற விடுங்க. காலையில பழைய பருத்தி பனியன் துணி வச்சு துடைங்க. பழுப்பா வந்தா இன்னொரு வாட்டி. ரெண்டு மூணு நாள் இப்படிப் பொறுமையா செஞ்சும் போகலன்னா, நாலு சைபர் போட்ட ரொம்ப மெல்லிசான ஸ்டீல் வூல்ல எண்ணெய் நனைச்சு, கொழந்த மூக்கு துடைக்கிற மாதிரி, அழுத்தாம. அப்பவும் லேசா ஒரு நிழலு மிஞ்சும். மிஞ்சட்டும்.

தேங்காண்ணெ, நல்லெண்ணெ பூசுறவங்களும் இருக்காங்க. தாவர எண்ணெய் நாளாவட்டத்துல பிசினாகும், தூசிய பிடிக்கும், அப்புறம் கழட்டுறதுக்குள்ள உயிரு போகும். மேல் பூச்சுக்கு மெழுகு நல்லது, பிரிட்டிஷ் மியூசியத்துல 1950கள்ல கண்டுபிடிச்ச ரினைசன்ஸ் வேக்ஸ்னு ஒண்ணு இருக்கு, மியூசியத்துக்காரங்க இரும்புக்கும் மரத்துக்கும் ரெண்டுக்கும் பூசுறது. மெல்லிசா ஒரு கை, அவ்வளவே.

வைக்கிற எடத்துக்கும் ஒரு வார்த்த. லெதர் உறையில போட்டு வைக்காதீங்க, பாக்க அழகா இருக்கும், ஆனா தோலு ஈரத்த உறிஞ்சி வச்சுக்கும், பதனிட்ட மருந்தும் இரும்ப அரிக்கும். கேமராக்காரங்க வைக்கிற டிரை கேபினட் மாதிரி, பூட்டுற வசதியோட, ஈரம் 45லேர்ந்து 50க்குள்ள இருந்தா போதும். ரொம்பக் காய விட்டா மரக்கட்டை வெடிக்கும். சிலிக்கா ஜெல் போட்டா அது நீலத்துலேர்ந்து ரோஸ் ஆனதும் சும்மா வச்சிருக்காதீங்க, சூடு காட்டி திரும்ப நீலமாக்கணும், ரோஸ் கலர் ஜெல்லு பெட்டிக்குள்ள இருக்கிறது ஈரத்துணி இருக்கிற மாதிரிதான்.

அடுத்த வருஷம் பூஜைக்கு? தாராளமா கும்புடுங்க. பொட்ட லைசென்ஸ் புத்தகத்து உறையில வைங்க. சாமி கோவிச்சுக்காது, நான் சொல்றேன்.

ஒரு நண்பர் வீட்டுல (லைசென்ஸ் உண்டு) டயானா ரைஃபிள் பாத்தேன். வில்ல வீசிட்டு துப்பாக்கிய தூக்கிப் பிடிச்ச பொம்பள படம். டயானா ஜெர்மனின்னு சொல்வாங்க, இதுல பிரிட்டன்ல செஞ்சதுன்னு போட்டிருக்கு. டூப்ளிகேட்டா?
— சந்தேகப் பிராணி, பத்து கேவ்ஸ்

இல்ல தம்பி, அதுவும் ஒரிஜினல்தான், கொஞ்சம் சிக்கலான ஒரிஜினல். வேட்டைக்கு தெய்வம் டயானா, வில்லு பழசு, இனிமே எனக்கு இதுதான்னு வில்ல தூக்கிப் போட்டுட்டு ஏர் ரைஃபிள தூக்கிக் காட்டுறா, நல்ல விளம்பரம். ஜெர்மனியில ராஷ்டாட் ஊர்ல 1890ல ஆரம்பிச்ச மாயர் அண்ட் கிராமெல்ஷ்பாகர் கம்பெனி அது. ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மனி தோத்ததும் நஷ்டஈடா அந்தக் கம்பெனியோட மெஷினும் டயானாங்கிற பேரும் சேந்து பிரிட்டனுக்குப் போயிருச்சு. வாங்கினது மில்லார்ட் பிரதர்ஸ், சுருக்கமா மில்ப்ரோ, ஸ்காட்லாந்துல மதர்வெல்லுல. அவங்க அதே மெஷின வச்சு அதே பேர்ல செஞ்சு தள்ளினாங்க. பேரப் பறி குடுத்த ஜெர்மன்காரன் திரும்பக் கடைய தொறந்தப்போ, சொந்தச் சரக்க பிரிட்டன்ல டயானான்னு விக்க முடியல. என்ன பேரு வச்சான் தெரியுமா? "ஒரிஜினல்". ரோஷக்காரன். 1984லதான் பேர திரும்ப மீட்டான்.

ஆக உங்க நண்பர்கிட்ட இருக்கிறது மதர்வெல் டயானா. ஜெர்மன் சரக்கு அளவுக்கு வேலப்பாடு இருக்காது, கட்டையும் சாதா பீச் மரமா இருக்கும், ஆனா மட்டம்னு சொல்லிராதீங்க, அவரு மனசு நோகும்.

அங்கள், அப்பாவோட வெப்லி ஏர் பிஸ்டல், லைசென்ஸ் முறையா என் பேர்ல வாங்கியாச்சு. மங்கலா இருக்கு லா. நல்லா பஃப் அடிச்சு குரோம் இல்லன்னா தங்க முலாம் போட்டு, பிடிக்கு புலி செதுக்கி, அப்பா நெனவா கஸ்டம் பண்ணலாம்னு ஐடியா. எவ்வளவு ஆகும்?
— புலிக்குட்டி, கிள்ளான்

தம்பி, உக்காருங்க. ஒரு கத சொல்றேன், இத இதுவர இந்தப் பக்கத்துல எழுதுனதில்ல, வெக்கம்தான் காரணம்.

1983, நான் கடையில சேந்து ஆறேழு மாசம். ஒரு பெரியவர் வெப்லி சீனியர் ஒண்ண சர்வீஸுக்குக் குடுத்தாரு, அவரு அப்பா காலத்துச் சாமான். தவுக்கே என்கிட்ட குடுத்து "வாஷர் மாத்து, துடை"ன்னுட்டு சாப்பிடப் போயிட்டாரு. எனக்கு அப்ப பஃபிங் வீல் மேல ஒரு பைத்தியம், எதப் பாத்தாலும் பளபளக்க வைக்கணும். வச்சு அடிச்சேன். அரைமணி நேரத்துல கண்ணாடி மாதிரி ஆயிருச்சு, என் மூஞ்சி தெரியுது அதுல, எனக்கு ஒரே பெருமை. அப்புறம்தான் பாத்தேன், பக்கவாட்டுல சிறகு முளைச்ச தோட்டா முத்திரை ஒண்ணு இருந்துச்சு, வெப்லியோட அடையாளமே அதுதான், அது பாதி காணோம். பர்மிங்காம்னு வெட்டியிருந்த எழுத்துல பின்பாதி மொழுமொழுன்னு போயிருச்சு. கூர்மையா இருந்த ஓரமெல்லாம் சோப்புக் கட்டி மாதிரி மழுங்கி, ஸ்க்ரூ தலையில இருந்த பள்ளம் அகண்டு போச்சு. பெரியவரு வந்து வாங்கிப் பாத்தாரு. ஒரு வார்த்த திட்டல. கட்ட விரல அந்த முத்திரை இருந்த எடத்துல வச்சு ரெண்டு மூணு வாட்டி தடவினாரு, காசு குடுத்துட்டுப் போயிட்டாரு. தவுக்கே ஒரு வாரம் என்கூட பேசல.

அதனால சொல்றேன். அந்த மங்கல் உங்க அப்பாவோட கை. பிடிக்குப் பின்னாடி, குழல பிடிச்சு இழுக்கிற எடத்துல மட்டும் நீலம் தேஞ்சு வெள்ளி தெரியுதான்னு பாருங்க, தெரியும், ஏன்னா வெப்லியில குழலத்தான் பின்பக்கத்துலேர்ந்து மேல தூக்கி முன்னால மடக்கி ஸ்பிரிங் ஏத்தணும், ஒவ்வொரு வாட்டியும் அதே எடத்துல அவரு கை பட்டிருக்கும். 1924ல மார்க் ஒன் வந்ததுலேர்ந்து இதே ஏற்பாடுதான், குழல் மேல, ஸ்பிரிங் இருக்கிற சிலிண்டர் கீழ, அதான் பிஸ்டல் கச்சிதமா இருந்தும் வலு இருக்கும். வேடிக்கை என்னன்னா ட்ரிகர அழுத்தினா உள்ள பிஸ்டன் முன்னால ஓடாது, உங்களப் பாத்து பின்னால ஓடி வரும், மத்த ஏர் கன் சுட்டுப் பழகினவங்களுக்கு முதல்ல கை குழம்பும். தங்க முலாம் போட்டா அப்பா தேச்ச தேய்மானம் போயிரும், சாமானோட மதிப்பும் போயிரும், சேகரிக்கிறவங்க முலாம் போட்டத தொடவே மாட்டாங்க.

கஸ்டம் பண்ணியே ஆகணும்னா திரும்பி வர்ற மாதிரி பண்ணுங்க. பழைய பிடித் தகட்ட கழட்டி, பேப்பர்ல சுத்தி, தேதி எழுதி பத்திரமா வைங்க. புதுசா மரத்துல ஒரு ஜோடி செய்யலாம், கெமுனிங் மரம் கெடச்சா விடாதீங்க, மலாய்க்காரங்க கெரிஸ் கத்திப் பிடிக்கு எடுக்கிற மரம், மஞ்சளா, எழை நெருக்கமா, கத்தி போற வழிக்கு வரும். புலியும் அதுலயே செதுக்கிக்குங்க. இருபது வருஷம் கழிச்சு உங்க மகன் பழையத திரும்ப மாட்டணும்னா மாட்டிக்கலாம். இந்த வேலையெல்லாம் லைசென்ஸ் உள்ள கடை மூலமாத்தான் செய்யணும், ஊருல தச்சர்கிட்ட பிஸ்டல தூக்கிட்டுப் போயி அளவு எடுக்கக் கூடாது. தகட்ட மட்டும் செய்யக் குடுக்கலாமான்னு கடையில கேட்டுக்குங்க.

மரத்துக்கு லின்சீட் எண்ணெய் போடுறவங்க கவனிக்க, துடைச்ச துணிய கசக்கி குப்பைத் தொட்டியில போடாதீங்க. அந்த எண்ணெய் காயறப்போ சூடு விடும், சுருட்டின துணிக்குள்ள சூடு ஏறி தானா தீப்பிடிக்கும், நெருப்பே வேணாம். தண்ணியில முக்கி எடுங்க, இல்ல கொடியில விரிச்சுப் போடுங்க.

கிளப்புல ஒரு பழைய ஸ்பிரிங் ரைஃபிள் சுடுறப்போ டப்புனு பெரிய சத்தம், வாயிலேர்ந்து புகை, கருகின வாசம். பவர் ஏறியிருக்குன்னு கூட இருந்தவங்க கை தட்டுறாங்க. நெஜமா?
— புகையும் நானும், பாயான் லெப்பாஸ்

பவரு இல்ல, யாரோ தையல் மெஷின் எண்ணெய விட்டிருக்காங்க. ஸ்பிரிங் பிஸ்டன தள்ளுறப்போ காத்து ஒரு நொடிக்குள்ள நசுங்கி பயங்கரமா சூடாகும், அந்தச் சூட்டுல பெட்ரோலிய எண்ணெய் பத்திக்கும், லாரி டீசல் எஞ்சினுக்குள்ள நடக்குற அதே சங்கதி. அதுக்குப் பேரே டீசலிங். அந்த வெடி பிஸ்டன பின்னால அறையும், ஸ்பிரிங் உடையும், சீல் கருகும். கை தட்டுனவங்கள ரிப்பேர் பில்லுக்கு பங்கு போடச் சொல்லுங்க.

ரொம்ப பழசுல தோல் வாஷர் இருக்கும், அதுக்கு மாட்டுக் காலுலேர்ந்து எடுக்கிற நீட்ஸ்ஃபுட் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு நிமித்தி வச்சா தோலு குடிச்சுக்கிட்டு மெதுவாகும். 60, 70கள்ல வந்த ஜெர்மன் மேட்ச் (போட்டி) துப்பாக்கிங்க வேற கத, அதுல போட்ட சிந்தெடிக் சீல் வயசானா தானா உதிரும், கழட்டிப் பாத்தா பழுப்பு வெல்லம் கரைஞ்ச மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். அத சுட்டுப் பாக்கவே கூடாது, முதல்ல சீல். இன்னொண்ணு, குண்டு போடாம வெறும் துப்பாக்கிய அழுத்தி விளையாடாதீங்க, பிஸ்டனுக்கு முன்னால காத்து மெத்தை இருக்காது, இரும்போட இரும்பு மோதும். குழல் மடக்கி லோடு பண்றதுல, மடக்கினபடி ட்ரிகர தொட்டா குழல் சடார்னு மேல வரும், நடுவுல விரல் இருந்தா விரல் இருக்காது. இது மட்டும் சிரிச்சுக்கிட்டு சொல்ற விஷயம் இல்ல.

ராஜபாளையத்துல சித்தப்பா ஒரு ஏர் ரைஃபிள் தர்றேங்கிறாரு, அங்க லைசென்ஸ் வேணாமாம். லக்கேஜ்ல போட்டுக் கொண்டு வரலாமா? — பூச்சோங் வாசகர்

வேணாம். இந்தியாவுல பாயிண்ட் 177, அதாவது நாலரை மில்லிமீட்டர், வலு கம்மியானதுக்கு விலக்கு இருக்கு, அது அந்த ஊரு எல்லையோட சரி. இங்க ஏர்போர்ட்ல எறங்குன நிமிஷம் நீங்க மேல முதல் பதில்ல சொன்ன ஆளு. ஆன்லைன்ல குழல், ஸ்பிரிங், ஜெல் பிளாஸ்டர், ஏர்சாஃப்ட் ஆர்டர் பண்றவங்களுக்கும் இதே பதில்தான், தனித்தனியா எழுத வேணாம்.

பெரிய ஸ்பிரிங் போட்டு வேகம் ஏத்துறது எப்படி அங்கள்? — பேர் வேணாம்

பதிலும் வேணாம்.

ஜேம்ஸ் பாண்ட் போஸ்டர்ல கையில இருக்கிறது ஏர் பிஸ்டல்னு மச்சான் பெட் கட்டுறான். தோக்கப் போறானா? — ஸ்கூடாய் சிங்கம்

நீங்கதான் தோக்கப் போறீங்க. 1963ல ரெண்டாவது பாண்ட் படத்து விளம்பரத்துக்கு ஷான் கானரிய போட்டோ எடுக்கிற அன்னிக்கு, வால்தர் பிபிகே பிஸ்டல கொண்டு வர மறந்துட்டாங்க. போட்டோகிராஃபர்கிட்ட சொந்தமா ஒரு வால்தர் இருந்துச்சு, எல்பி 53, அது ஏர் பிஸ்டல், நீளக் குழல். இருக்கிறத வச்சு ஒப்பேத்துன்னு எடுத்துட்டாங்க. அந்தப் பிஸ்டல் 2010ல லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துல 2,77,250 பவுண்டுக்குப் போச்சு. பெட் எவ்வளவு? ஒரு தட்டு நாசி கண்டார் சோத்தோட விட்டுருங்க.

என் மகளுக்கு 13 வயசு, குறி பாத்து சுடணும்னு ஆச. வீட்டுக்கு ஒண்ணு வாங்கலாமா? — ஷா ஆலாம் அப்பா

வீட்டுக்கு வேணாங்க, கிளப்புக்கு அனுப்புங்க. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 1984லேர்ந்து ஒலிம்பிக்ல இருக்கு. பத்து மார்க்குக்கான புள்ளி அரை மில்லிமீட்டர், பேனா முனையால வச்ச மாதிரி, பத்து மீட்டர் தள்ளி நின்னா கண்ணுக்கே தெரியாது. நம்ம நூர் சூர்யானி 2012 லண்டன்ல எட்டு மாசக் கர்ப்பிணியா நின்னு அதச் சுட்டாங்க, அத மகளுக்குச் சொல்லுங்க. துப்பாக்கி கிளப்போடது, பூட்டு கிளப்போடது, உங்களுக்கு ஏத்தி எறக்குற வேல மட்டும்தான். சுட்டு முடிச்சதும் கைய சோப்பு போட்டு கழுவச் சொல்லுங்க, குண்டு ஈயம், அதே கையால ரொட்டி பிச்சு சாப்பிடக் கூடாது.

லைசென்ஸ் கெடைக்காது, ஆனா இந்தப் பழைய சாமான் மேல ஆச விடல. என்ன பண்றது?
— ஏக்கக்காரன், ஜார்ஜ்டவுன்

அண்ணே, நீங்க கேட்டதுதான் இந்த மாசத்துலயே எனக்குப் பிடிச்ச கேள்வி, ஏன்னா நானும் அதே ஜாதி. துப்பாக்கி இல்லாம துப்பாக்கிய சேக்கலாம். காலி டப்பா! ஈயக் குண்டு வந்த பழைய தகர டப்பா, உள்ளங்கையில அடங்குற சைஸ், மூடியில ஒவ்வொண்ணுலயும் ஒரு படம். ஈலி வாஸ்ப்ல குளவி. பி.எஸ்.ஏ.வோடது பேரு பைலார்ம், அது ஒரு சிலேடை, துப்பாக்கிய சாச்சு அடுக்குறத இங்கிலீஷ்ல பைல்டு ஆர்ம்ஸ்னு சொல்வாங்க, முத்திரையே அதுதானே, அத அப்படியே சுருக்கி பேரா வச்சுட்டான். அப்புறம் பழைய விளம்பரம், கேட்டலாக், துளை விழுந்த டார்கெட் அட்டை, தோட்டத்து பங்களா போட்டோ. டப்பாவ வாங்குறப்போ குலுக்கிப் பாருங்க, உள்ள குண்டு இருந்தா வாங்காதீங்க, அதுவும் லைசென்ஸ் சமாச்சாரம்.

ஞாயித்துக்கிழமை காலையில லோரோங் கூலிட் சந்தைக்கு வாங்க, ஏழு மணிக்கு முன்ன வந்துரணும், எட்டரைக்கு மேல வெயிலும் கூட்டமும். கேஎல் பக்கத்து ஆளுங்க சனி ஞாயிறு அம்கார்ப் மால்ல பாக்கலாம், வெல கொஞ்சம் கூட, ஏர்கான் உண்டு. கடைக்காரர்கிட்ட "துப்பாக்கி"ங்கிற வார்த்தையே வேணாம், பழைய டப்பான்னு கேளுங்க, பிஸ்கட் டப்பா, பவுடர் டப்பா, ஆணி டப்பா எல்லாத்தையும் கொட்டிக் காட்டுவாங்க, அடியில கிடக்கும். ஆணி போட்டு வச்ச டப்பாதான் பாதி. மூடியில துரு இருந்தா தேய்க்காதீங்க, ஏன்னு மேல சொல்லியாச்சு.

என்கிட்ட வாஸ்ப் மூணு இருக்கு. பைலார்ம் ஒண்ணு கூட மூடியோட கெடைக்கல. யாருகிட்டயாவது இருந்தா பத்திரிகை விலாசத்துக்கு எழுதுங்க, ஒண்ணுக்கு ரெண்டு வாஸ்ப் தர்றேன், நசுங்கி இருந்தாலும் பரவால்ல, மூடி மட்டும் ஒட்டி வரணும்.